யார் வீட்டு ஒயர்?

எங்கள் தெருவில் பொழுது விடிவது சூரியனால் அல்ல, பால்காரரின் சைக்கிள் மணியால்தான். முப்பது வருஷமாக அதே மணி, அதே "பால் அம்மா!" என்ற குரல். சென்ற மார்கழியில் ஒரு நாள் மணி அடித்தது. ஆனால் குரல் வரவில்லை. அதற்குப் பதிலாக, கேன் உருளுகிற சத்தமும் "ஐயோ!" என்ற ஓர் அலறலும் கேட்டன.

வாசலுக்கு ஓடினேன். பனி மூட்டம். பத்தடி தூரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சைக்கிள் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம், நடுவில் மனிதர். தெருவெல்லாம் பால். அவருக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில், கறுப்பு ஒயர்க் கற்றை ஒன்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாட்டி இழுத்துத் தள்ளிவிட்டிருக்கிறது. கழுத்துக்கு ஆபத்தில்லை, தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

"யார் வீட்டு ஒயர் இது?" என்று கூடியிருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. காரணம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையிலேயே அந்தக் கற்றை தொய்ந்துவிட்டது. தினமும் காலையில் காய்கறிக் கடைக்குப் போகிறபோது, குடைக்காம்பால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி விட்டுவிடுவேன். இரண்டு மாதம் இப்படிச் செய்தவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் தலை தப்பித்தால் போதும் என்ற அந்தப் புத்திக்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியும்.

பால்காரரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அன்றைக்கே விசாரணையைத் தொடங்கினேன். முதலில் நகராட்சி. எந்த ஊர் நகராட்சி என்று கேட்காதீர்கள். உங்கள் ஊராகக்கூட இருக்கலாம். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல பிள்ளை. உட்காரச் சொன்னார். "கம்பம் யாருடையது சார்?" என்று கேட்டார்.

"மின்வாரியத்தினுடையது."

"அப்போ அங்கேதான் போகணும்" என்றார்.

மின்வாரிய ஆபீசில், "எங்க லைன் மேலே போகுது. கீழே போற கறுப்பு ஒயருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. கேபிள்காரனைக் கேளுங்க" என்றார்கள். கேபிள்காரர் கையைக் கூப்பிக்கொண்டு, "அந்தக் கட்டிலே என்னோடது இரண்டே இரண்டு சார். மத்தது எல்லாம் யாரோடதோ!" என்றார். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத மனிதர் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெயரே இல்லாத ஒயர்கள் ஊர் முழுக்கத் தொங்குகின்றன என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. நான் தபால் இலாகாவில் முப்பத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன். 1978ல் சேர்ந்தபோது அது தபால் தந்தி இலாகா. 1985ல் டெலிபோனைப் பிரித்துத் தனி இலாகாவாகக் கொண்டுபோனார்கள். ஒன்றாக இருந்த குடும்பம் பாகப்பிரிவினை ஆனது போல, ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டானோம்.

அப்புறம் 1991ல் வளைகுடா யுத்தம் வந்தது. யுத்தத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று மொட்டை மாடிகளில் வட்டத் தட்டுகள் முளைத்தன. 1993ல் தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? சைக்கிளும் ஒரு சுருள் ஒயரும் உள்ள இளைஞனெல்லாம் கேபிள்காரன் ஆனான். மரத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து கம்பத்துக்கு என்று இழுத்தார்கள். சர்க்கார் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டு, 1994ல் அவசரச் சட்டமும் 1995ல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் கொண்டுவந்தது. கேபிள் நடத்துகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்கிற அதிகாரி யார் தெரியுமா? தலைமைத் தபால் அதிகாரி!

எங்கள் ஆபீசில் அந்த விண்ணப்பங்களை வாங்குகிற வேலை என் மேஜைக்கு வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பெயர், விலாசம், கட்டணம், முத்திரை. இப்போது எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுக்கிறவருக்கு முதல் சான்றிதழில் முத்திரை குத்தியவன் நானேதான். அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. "சார், இனிமே நான் கவர்ன்மென்ட் ஆளா?" என்று கேட்டார். "இல்லை தம்பி, கவர்ன்மென்டுக்குத் தெரிந்த ஆள்" என்றேன்.

தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். ஒயர் எந்தத் தெருவில் போகிறது, எத்தனை உயரத்தில் போகிறது என்று பார்க்கத் தபால்காரருக்கு உத்தரவும் இல்லை, ஏணியும் இல்லை. சட்டம் வேறு பல விஷயங்களை நினைத்துப் பார்த்திருக்கிறது. தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும். கருவிகள் இந்தியத் தர நிர்ணயப்படி இருக்க வேண்டும். பதிவு செய்யாதவருடைய சாமான்களைக் கலெக்டரோ, கோட்ட அதிகாரியோ, பெரிய நகரமானால் போலீஸ் கமிஷனரோ பறிமுதல் செய்யலாம். நிகழ்ச்சிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு கூட உண்டு, கலெக்டர்தான் தலைவர். திரையில் வருகிற பெண்ணின் ரவிக்கை எவ்வளவு இறக்கம் என்று கவலைப்பட ஒரு குழு இருக்கிறதே, தெருவில் தொங்குகிற ஒயர் எவ்வளவு இறக்கம் என்று கவலைப்பட யார் இருக்கிறார்கள்?

தேடிப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? 2011ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பொது இடத்தின் வழியாகக் கேபிள் இழுக்க, அந்த இடத்துக்கு உரிய பொது அமைப்பிடம் அனுமதி பெற வேண்டும். அந்த அமைப்பு நிபந்தனை போடலாம், கட்டணம் கேட்கலாம், தேவைப்பட்டால் ஒயரை எடு, நகர்த்து என்று சொல்லலாம். அதாவது அந்த நல்ல பிள்ளைக் குமாஸ்தாவின் ஆபீசுக்கே அதிகாரம் இருக்கிறது!

எனக்கு உண்டான உற்சாகத்தைக் கேட்பானேன்! நாலு பக்கம் மனு எழுதி, பிரிவு எண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். "இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், சுவாமி படத்துக்கு முன்னால் வைக்கட்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். சாதாரணமாக அவள் சொன்னால் பலிக்கும். இந்தத் தடவை மூன்றே வாரத்தில் நடவடிக்கை வந்தது. வந்ததுதான் வினை.

தை மாதக் கடைசியில் ஒரு காலை வேளை, ஏணி வைத்த லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். கையில் பெரிய கத்தரி. கம்பம் கம்பமாக ஏறி, கண்ணில் பட்ட கறுப்பு ஒயரையெல்லாம் 'கடக், கடக்' என்று நறுக்கிப் போட்டுவிட்டு, பதினோரு மணிக்குள் போய்விட்டார்கள். யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை. தெருவே வாசலில் நின்றது. டி.வி. இல்லை, இன்டர்நெட் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் வழியாக வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவள் தகப்பனார் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எங்கோ விரைந்தார். அதற்குள் மனு கொடுத்தது யார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சிவப்பு மையின் மகிமை!

ஆனால் என்னை வாட்டியது தெரு அல்ல. என் அக்கா.

அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அத்திம்பேர் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். முன் அறைக் கட்டில்தான் அவள் ராஜ்யம். எதிர்ச் சுவரில் இருக்கிற பெரிய டி.வி. அவள் ஜன்னல். காலையில் கோவில் தரிசனம், மத்தியானம் சமையல், ராத்திரி தொடர்கள். தொடர்களில் வருகிற மாமியார்களுக்கெல்லாம் அவள் இங்கிருந்தே புத்திமதி சொல்லுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் இருக்கிற அவள் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெரிய திரையில் ஆள் உயரத்துக்கு வந்து, "அம்மா, சாப்பிட்டாயா?" என்று கேட்பான். அந்த இன்டர்நெட்டும் அதே கேபிள்காரர் இழுத்த ஒயர்தான்.

அக்கா கணக்கிலும் கறார். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய் என்று வந்ததிலிருந்து ஒவ்வொரு ஏற்றமும் அவளுக்கு மனப்பாடம். 2019 பிப்ரவரியில் டிராய் புது விதி கொண்டுவந்தபோது, 130 ரூபாயும் வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு ஆயிற்று. அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. "நாற்பது காசுக்கு எங்கே போவேன் தம்பி? நாணயமே இல்லையே!" என்று கேபிள்காரரை நிறுத்திக் கேட்டாள். அவர் அன்றிலிருந்து நாற்பது காசை விட்டுவிட்டார். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது என்று படித்துக் காட்டினேன். "இந்த விலை விஷயத்திலே நம்ம முனிசிபாலிட்டிக்கு வாயே கிடையாதா?" என்று கேட்டாள். கிடையாது என்றேன். "பின்னே எதிலேதான் இருக்கு?" என்றாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

ஒயர் நறுக்கிய அன்று அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கறுத்துப் போன திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை என் கைபேசியில் வந்தான். அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "என்னடா இது, தபால் தலை மாதிரி இருக்கான்" என்றாள். சிரிப்பது போல்தான் சொன்னாள். நான் கைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சற்று நேரம் கழித்து அவனோடு நானும் பேசினேன். அவன் ஊர் நிலவரம் கேட்டேன். அங்கே கேபிள் கம்பெனிக்கு உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றமேயாம். காலம் முடிந்து புதுப்பிக்கும் முன், ஊருக்கு என்ன வேண்டும் என்று ஜனங்களைக் கேட்க வேண்டும். 1984ஆம் வருஷத்துச் சட்டப்படி கம்பெனியின் வசூலில் நூற்றுக்கு ஐந்து வரை ஊருக்குக் கட்டணமாக வாங்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் என்று தனிச் சேனலே கேட்டு வாங்குகிறார்களாம். "அப்போ உங்க ஊரில் ஒயர் தொங்காதா?" என்றேன். "தொங்கும் மாமா. யாரைத் திட்டணும்னு தெரியும், அவ்வளவுதான்" என்றான்.

யாரைத் திட்டுவதென்று தெரிவது லேசான விஷயமா? நான் சிறுவனாக இருந்தபோது, அறுபதுகளில், எங்கள் ஊர்ப் பூங்காவில் நகராட்சி ரேடியோ உண்டு. சாயங்காலம் சிப்பந்தி ஒருவர் வந்து கூண்டைத் திறந்து ரேடியோவைத் திருப்புவார். கரகரவென்று சத்தம் வந்தால் ஜனங்கள் அவரையே திட்டுவார்கள். அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். தன் தலையில் அல்ல, ரேடியோ தலையில். அது பாடிவிடும்.

அன்று ராத்திரி கேபிள்காரர் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து அக்காவின் கட்டிலருகில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவருக்கு மீசையே நரைத்துவிட்டது.

"சார், ஒரு காலத்திலே அறுநூறு வீடு எனக்கு. இப்போ இருநூற்றுப் பத்து. பாதிப் பேர் குடை ஆன்டெனாவுக்குப் போயிட்டாங்க, பாதிப் பேர் செல்போனிலேயே பார்க்கறாங்க. இன்டர்நெட் கொடுத்துத்தான் காலத்தை ஓட்டறேன். நறுக்கின ஒயரை எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு. அதிலே என்னோடது ரெண்டு. தொழிலை விட்டுட்டுப் போனவங்களோடது நாலு. அதிலே கரண்டே இல்லை, சிக்னலே இல்லை, சும்மா தொங்குது. பால்காரரை இழுத்தது அந்தச் செத்த ஒயர்தான். ஆனா வெட்டினது உயிரோட இருந்ததைச் சேர்த்து."

கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க. ஆனா எந்த ஒயருன்னு எழுதலியே சார்?" என்றார்.

நாலு பக்கம் எழுதினேன். பிரிவு எண் எழுதினேன். எந்த ஒயர் என்று எழுதவில்லை. எழுதவும் முடியாது, எனக்கே தெரியாதே!

மறுநாள் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். கோடு போட்டேன்: கம்பம் எண், ஒயர் எண், யாருடையது, உயிருண்டா இல்லையா. தபால் இலாகா கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அதுதான். கேபிள்காரரையும் அழைத்துக்கொண்டு கவுன்சிலர் அம்மாவிடம் போனேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது வேலைக்காகும்" என்று சொல்லி, நகராட்சி என்ஜினீயருக்கும் மின்வாரியத்துக்கும் தாமே போன் செய்தார். என்ஜினீயர் முதலில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேண்டாம். ஆனால் தெரு முழுக்க அவருக்கு டெலிபோன் செய்து ஏசியிருந்ததால், அவருக்கும் ஒரு வழி தேவையாக இருந்தது.

எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து பதினான்கு கம்பம். மின்வாரியத்து ஆள் முன்னால் வைத்து நாலு சாயங்காலம் எண்ணினோம். கேபிள்காரரின் பையன் கீழே நின்றுகொண்டு கத்துவான், நான் எழுதுவேன். மொத்தம் அறுபத்துமூன்று. டெலிபோன் கம்பெனி, மூன்று இன்டர்நெட் கம்பெனி, காமிரா வைத்த நகைக்கடை, நம் கேபிள்காரர் என்று சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் காட்டியது முப்பத்தெட்டு. மீதி இருபத்தைந்துக்கு நாதியில்லை. நகராட்சி பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் ஒட்டியது. கெடு முடிந்ததும் அந்த இருபத்தைந்தையும் இறக்கினார்கள். ஒரு மாட்டு வண்டிச் சுமை! மிச்சமிருந்தவற்றுக்கு ஆளுக்கொரு நிறத்தில் பட்டை சுற்றி, வைக்கோல் லாரி இடிக்காமல் போகிற உயரத்தில் இழுத்துக் கட்டினார்கள். என்ஜினீயரே ஒரு லாரியை வரவழைத்துப் பார்த்தார்.

கேபிள்காரர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவர் வந்துபோன மறுநாளே தம் இரண்டு ஒயரை மட்டும் தற்காலிகமாக மாடி வழியாகக் கொண்டுவந்து, முதல் இணைப்பை எங்கள் வீட்டுக்குத்தான் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ஆள் உயரத்துக்கு வந்து நின்றான். "இளைச்சுப் போயிட்டியேடா!" என்றாள் அக்கா. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள். அவள் தகப்பனார் மறுபடி என்னிடம் பேப்பர் கடன் வாங்க ஆரம்பித்தார்.

பதிவு விவகாரம் இப்போது தபால் ஆபீசில் இல்லை. 2025 ஜனவரியில் விதியை மாற்றி, எல்லாம் மத்திய அமைச்சகத்துக்கு இன்டர்நெட் வழியாக, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, 5,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். கேபிள்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். "முத்திரை குத்தற சத்தம் கேட்டாத்தான் சார் பதிவு ஆன மாதிரி இருக்கும்" என்கிறார்.

பால்காரரைப் பார்க்க ஆறு வாரமும் போய் வந்தேன். பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார். கடைசியில், "பாலுக்கு முன்பணமா எழுதிக்கிறேன் சார்" என்று வாங்கிக்கொண்டார். அன்றைக்கு, குடைக்காம்பு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு முன்னாடி நானும் தெனம் குனிஞ்சுதானே போனேன்? அன்னிக்குப் பனி" என்றார்.

மாசி மாதக் கடைசியிலிருந்து மறுபடி மணி கேட்கிறது. நேற்றுக் காலையில் அதோடு வேறொரு சத்தமும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் கம்பத்தில் ஏணி சாத்தி, தோளில் புதுச் சுருள் ஒயரோடு இரண்டு பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கம்பெனி தம்பி? நகராட்சி அனுமதி இருக்கா?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"நீங்க யார் சார்?" என்றான் மேலே இருந்தவன்.

"இருங்கள், வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுக்க உள்ளே போனேன். ஆணியில் மாட்டியிருந்த அதை அக்கா முன்பே எடுத்து வரச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்தொன்பதாம் எண்ணுக்கு வலது கையால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.